கரி பூசிக் காத்த வீடு

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். மூன்று அறையிலும் அந்த வாடைதான். காண்டிராக்டர் தம்பி நல்ல பிள்ளை, வாய்தான் ஓயாது. "வருஷா வருஷம் கூரை, சுவரு எல்லாம் பாத்துக்கணும் ஆன்ட்டி. அப்பதான் வீட்டு வெல எறங்காது லா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜப்பான்காரன் காலத்து ஈப்போவில், வீட்டு விலையை இறக்குவதற்கே நாங்கள் பாடுபட்டோம். அவனிடம் சொன்னால் பெயின்ட் அடிக்கும் வேலை நின்றுவிடும். உங்களிடம் சொல்கிறேன்.

ஈப்போவின் புந்தோங் பக்கம் எங்களுடையது பலகை வீடு, தகரக் கூரை. சண்டைக்கு முன்பெல்லாம் தீபாவளி மழை தொடங்குமுன் அம்மா வீட்டைப் பிடித்து உலுக்கிவிடுவாள். கூரையின் ஆணி ஓட்டைகளுக்குத் தார், தூணடியில் கறையானுக்குக் கழிவெண்ணெய், சுவருக்குச் சுண்ணாம்பு. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைதானே, அதற்கு மட்டும் பஞ்சமில்லை. இன்றும் ஈரச் சுண்ணாம்பு வாடை பட்டால் எனக்கு முறுக்கு தின்னத் தோன்றும். இந்த வயதில் வெட்கம்தான், என்ன செய்வது!

ஜப்பான்காரன் வந்ததும், பார்வைக்கு நன்றாக இருந்த வீடுகளை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். காலையில் வந்து பார்ப்பார்கள். மாலைக்குள் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டும். எங்களுக்குப் போவது வீடு மட்டுமல்ல. போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. லாரிச் சத்தம் கேட்டால் அப்பா கூரைக்கு அடியிலிருந்த பரணில் ஏறிப் படுத்துக்கொள்வார். வேறு ஒளிய இடமில்லை.

"ஒண்ணும் செய்யாத. ஒழுகட்டும், இடியட்டும். பாழான வீட்ட எவன் கேப்பான்?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "அவனுக்குப் பயந்து என் வீட்ட நானே கொல்லணுமா? வெளிய என்ன வேணுமோ பூசிக்குங்க. கூரையிலயும் தூணுலயும் நான் குறை வைக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். தார் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன எஸ்டேட்டில் ரப்பர் மரங்கள் சும்மா நின்றன. அம்மா வாளியோடு போய்ப் பால் இறக்கி வந்து, பழந்துணியை அதில் தோய்த்து ஒவ்வோர் ஆணி ஓட்டையிலும் ஒட்டினாள். அந்த நாற்றத்தில் சோறு இறங்காது. முன்சுவர் என் பொறுப்பு. கரியும் சேறும் கலந்து பூசினேன். பள்ளியில் ஓவியத்துக்கு எனக்கு யாரும் பரிசு தந்ததில்லை, ஆனால் எங்கள் தெருவில் அவ்வளவு அவலட்சணமான வீடு வேறில்லை. பக்கத்து வீட்டு அக்காவே, "எங்க வீட்டுக்கும் வந்து பூசிட்டுப் போ லா" என்று கேட்டார்.

ஒரு பிற்பகல் லாரி வந்து நின்றது. அப்பா பரணுக்கு ஏறிவிட்டார். இறங்கிய அதிகாரி என் கைவண்ணத்தைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பினான். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. அவனும் அவனுடைய மொழிபெயர்ப்பாளனும் உள்ளே ஓடிவந்தார்கள்.

எங்கள் முட்டாள்தனம் அப்போதுதான் புரிந்தது. அப்பேர்ப்பட்ட மழை, வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை! அதிகாரி அண்ணாந்து பார்த்தான். தூணைத் தட்டிப் பார்த்தான். ஏதோ சொன்னான். மொழிபெயர்ப்பாளன் அறைகளை எட்டிப் பார்க்கத் தொடங்கினான்.

அம்மா சமையலறைக்கு ஓடி, கைக்குக் கிடைத்த சட்டி வாளியெல்லாம் கொண்டுவந்து நடுவீட்டில் பரப்பினாள். "போச்சோர், துவான்! போச்சோர்!" என்று மலாயில் கத்தினாள். ஒழுகுகிறதாம். சட்டிகள் காய்ந்து கிடந்தன.

அதிகாரியின் தொப்பியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு கழுத்தில். பிறகு ஒழுகலோ ஒழுகல். பரணில் குடிப்பதற்கென்று வைத்திருந்த கூஜாத் தண்ணீரை அப்பா பலகையின் இடுக்கு வழியாக ஊற்றிக்கொண்டிருந்தார்! ஒழுகட்டும் என்று சொன்ன மனுஷர், ஒழுகவைத்தே விட்டார். அதிகாரி கழுத்தைத் துடைத்தபடி மழையிலேயே லாரிக்கு ஓடினான்.

இறங்கி வந்த அப்பா, "இப்படி ஒரு கூரைய எவடி போடச் சொன்னா?" என்றார்.

"தண்ணி தீந்திருச்சா? ரொப்பி வைக்கிறேன்" என்றாள் அம்மா.

ஜப்பான்காரன் போனதும் அம்மா கரியைக் கழுவி, கண் கூசும்படி வெள்ளையடித்தாள். இருவரும் அந்த வீட்டில்தான் வாழ்ந்து முடித்தார்கள். நிலம் எங்களுடையதல்ல. நிலத்துக்காரர் விற்றுவிட்டார். இப்போது அங்கே கடை வரிசை. அம்மா பால் இறக்கிய எஸ்டேட்டும் செம்பனைத் தோட்டமாகிவிட்டது.

இடித்த அன்று நான் போய் நின்றேன். அழுவேன் என்று எல்லாரும் பயந்தார்கள். இயந்திரம் முட்டிப் பார்த்தது. தூண் அசையவில்லை. ஓட்டியவன் இறங்கி வந்து அதைச் சுற்றிப் பார்த்தான். "பழைய வீடுன்னாங்க, என்ன மரம் லா இது?" என்றான். எனக்கு அழுகையா வந்தது? பெருமை தாங்கவில்லை. எங்கள் வீடு தானாக விழவில்லை. தள்ளித்தான் வீழ்த்தினார்கள். அதற்கே அவர்களுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது.