அணையாத கம்பியூட்டர்

சவூதியில் வீட்டு வேலை செய்யும் அம்மாவோடு வீடியோ கோலில் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் தானாக அணைந்துவிடும். நான்தான் கோபத்தில் கட் பண்ணுகிறேன் என்று அம்மாவுக்கு வருத்தம்.

இன்று அதைப் பூனாகலையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பண்டாரவளைக்குக் கொண்டுபோனேன். கம்பியூட்டர் திருத்தும் கடைக்கார நானா கழற்றிப் பார்த்தார்.

"உள்ள ஃபேன் சுத்துறதே இல்ல தங்கச்சி. அதான் சூடேறினதும் நிக்குது."

புது ஃபேன் போட்டுக் கொடுத்தார்.

சாயந்தரம் அம்மாவை அழைத்தேன். கம்பியூட்டர் அணையவே இல்லை.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேன்மா. நீங்க?"

"ம். அங்க மழையா?"

"ஆமாம்மா."

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மேடம் கூப்பிடுறாங்க, வைக்கிறேன்" என்றார் அம்மா. யாரும் கூப்பிட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

தூரத்தில் இருக்கும் அம்மாவோடு நீங்களெல்லாம் என்னதான் பேசுவீர்கள்? கொஞ்சம் சொல்லித் தாருங்கள்.