பெயரைக் கொடுத்த எபன் ஹஸ்கெட்

1887 நவம்பரில் நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில் எங்கள் மாவட்டம் பிறந்தது. அதற்கு ஸ்ட்ரவுட் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பெயரை வைத்தார்கள். அவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. தலைமை ஊர் எதுவென்று டிசம்பரில் ஓட்டுப் போட வேண்டும்.

ஊர் என்று சொல்ல இருந்தது லுவெல்லா ஒன்றுதான். சில வருஷங்களுக்கு முன் எபன் ஹஸ்கெட் தன் சமையலறையில் தபால் நிலையம் நடத்த அனுமதி வாங்கியபோது, அந்தக் கோடையில் காய்ச்சலில் இறந்த மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்த வீட்டைச் சுற்றியே குடியேறினார்கள். அவள் கல்லறை கொல்லையில் இருந்தது.

ரயில் பாதையோ ஒன்பது மைல் தெற்கே போனது. ரயில் வராத ஊருக்குப் பண்ணைக்காரர்கள் ஓட்டுப் போடமாட்டார்கள். அதனால் வீடுகளோடு பாதையோரம் போய்விடுவதென்று முடிவாயிற்று. பனி இறுகியதும் வீடுகளைத் தூலங்கள்மேல் ஏற்றிக் குதிரைகளைப் பூட்டினார்கள். கடைக்காரர் ஒரின் டீக்கின் வீடு புகைபோக்கியில் புகையோடு நகர்ந்தது. உள்ளே அவர் மனைவி பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஒரே மாநிலத்தில் ஒரே பெயரில் இரண்டு தபால் நிலையங்கள் கூடாது. எபன் தன் தபால் நிலையத்தை விட்டுக்கொடுத்தால்தான் புது ஊர் லுவெல்லா ஆகும். டீக் அதற்கான தாளோடு வந்து நின்றார்.

“கையெழுத்துப் போடு எபன். இல்லேன்னா ரயில்காரன் அவன் நாய் பேரை வெச்சிட்டுப் போயிடுவான்.”

“உன் மூஞ்சிக்கு அது பொருத்தமாத்தான் இருக்கும்.”

“விளையாடாதப்பா. நீயும் வா. தரை இளகினதும் அவளையும் கொண்டு போயிடலாம்.”

“ஒஹாயோலேருந்து இங்க கூட்டிட்டு வந்ததுக்கே கடைசிவரைக்கும் திட்டினா. மறுபடியும் எழுப்பி வாங்கிக் கட்டிக்கவா? நாங்க வரல.”

“சரி, பேரு?”

எபன் ஜன்னல் வழியே பார்த்தார். வீடுகள் இருந்த இடங்களில் பனியில்லாத கறுப்புச் சதுரங்கள் கிடந்தன. பெயரை இங்கேயே வைத்துக்கொண்டால் அதைச் சொல்ல அவர் ஒருவர்தான்.

“அங்க தினமும் யாராவது சொல்லுவாங்க இல்ல?”

“ரயில் நிக்கிறப்பல்லாம் கத்திச் சொல்லுவாங்க.”

எபன் கையெழுத்துப் போட்டார். தபால் பெட்டியைத் தூக்கி டீக்கின் சறுக்குவண்டியில் அவரே வைத்தார்.

டிசம்பரில் லுவெல்லா மாவட்டத்தின் தலைமை ஊரானது. எபன் இருந்த இடத்துக்கு அதன்பின் பெயர் இல்லை. அவருக்கு வந்த கடிதங்களும் லுவெல்லாவில்தான் இறங்கின. பனி வழியை அடைக்காத வாரங்களில் ஒன்பது மைல் நடந்துபோய் வாங்கிவந்தார்.