சாமியார் காலடியில் ஒரு கூப்பன் பெட்டி

தியேட்டர் மேனேஜர் வேலை என்பது, எவனோ எடுத்த படத்துக்கு நாம் ஏச்சு வாங்குகிற வேலை. பாட்டு நல்லாயில்லை என்றால் என்னிடம் வருவார்கள். கதாநாயகி செத்துப்போனாலும் என்னிடம்தான் வருவார்கள். ரேஷன் கடை, பஸ், பேங்க் கவுண்டர் என்று பொதுஜனத்துக்கு எதிரே உட்கார்ந்து காலம் தள்ளுகிற யாரானாலும் சரி, இதைப் படித்தால் நம்ம ஆளுதான் என்பீர்கள்.

தூத்துக்குடியில் எங்களுடையது பழைய தியேட்டர். சமீபத்தில் ஒரு சாமியார் காமெடிப் படம் போட்டோம். எல்லாவற்றையும் துறந்த சாமியார் ஒருவர் மழைக்கு ஒதுங்க ஷாப்பிங் மாலுக்குள் நுழைகிறார். மால்காரன் அவரைப் பிடித்து சோப்பு, செல்போன், கட்டில் மெத்தை எல்லாவற்றுக்கும் விளம்பரத்தில் நிறுத்திவிடுகிறான். ஆசையை விடுங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல வியாபாரம் கூடுகிறது. நல்ல கதைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படக்கம்பெனிக்காரர்கள் படத்தோடு ஒரு பெட்டியையும் அனுப்பியிருந்தார்கள். பெரிய பாப்கார்ன் வாங்கினால் ஒரு கூப்பன் கிடைக்கும். அதில் 'என் ஆசை' என்று அச்சடித்திருக்கும் இடத்தில் நம் ஆசையை எழுதிப் போட வேண்டும். குலுக்கலில் ஒருவருக்கு ஃப்ரிட்ஜ். உள்ளே ஆசையை விடு, வெளியே ஆசையை எழுது. வெட்கம் கெட்ட பிழைப்பு, அதில் எனக்கும் சம்பளம்.

துண்ணூறு இருக்கா?

பெட்டியைப் பத்தடி உயரச் சாமியார் கட்-அவுட்டின் காலடியில் வைத்தேன். வைத்தது நான்தான், வேறு யார் மேலும் பழி போட முடியாது. மறுநாள் காலைக்காட்சி நேரத்தில் வந்து பார்த்தால் கட்-அவுட்டுக்கு முன்னால் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடக்கிறது. ஒரு அம்மா சூடம் கொளுத்தப் போக, வாட்ச்மேன் ஓடிப்போய்த் தடுத்திருக்கிறார்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், வயலும் வாழையும் உள்ளவர், கண்ணை மூடிக் கையெடுத்து நின்றார். முடித்துவிட்டு என்னிடம் வந்து திருநீறுக்குக் கையை நீட்டினார். ஐயா, அது சினிமா நடிகர், போன படத்தில் பிக்பாக்கெட் அடித்தாரே அவர்தான் என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நடிகரா இருந்துட்டுப் போறாரு தம்பி. நான் கும்பிட்டாச்சுல்லா? துண்ணூறு இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

சூசை ஊர் வந்து சேரணும்

ஸ்டெல்லா எங்கள் தியேட்டரில் கூட்டிப் பெருக்குகிறவள். கடற்கரைப் பக்கம் வீடு. அவள் புருஷன் சூசை மீன் பிடிக்கப் போன படகு எல்லை தாண்டிவிட்டது என்று இலங்கையில் பிடித்து வைத்து நாலு மாசமாகிறது. மனு எழுதி எழுதியே அவளுக்குக் கையெழுத்து அழகாகிவிட்டது.

ஜனங்கள் பாப்கார்ன் தின்றுவிட்டு டப்பாவோடு கூப்பனையும் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அவள் அதையெல்லாம் பொறுக்கித் துடைத்து, படிக்கட்டில் உட்கார்ந்து எழுதிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே ஆசை: 'என் புருஷன் சூசை ஊர் வந்து சேரணும்.' எனக்கு மனசு கேட்கவில்லை. அது சாமியும் இல்லை கோயிலும் இல்லை, வியாபாரத்துக்கு வைத்த பெட்டி, ஏமாந்து போகாதே என்று சொன்னேன். அவள் பேனாவை மூடாமலே பதில் சொன்னாள்: "தெரியும் சார். மாதா கோயில்ல எழுதிப் போட்டாச்சு, கலெக்டர் ஆபீசு பெட்டியிலயும் போட்டாச்சு. பெட்டின்னு ஒண்ணு இருந்தா போட்டுட்டுப் போவ வேண்டியதுதான?"

மனம் புண்பட்டவர்கள்

மூன்றாம் நாள் ஒரு பக்தர் கூட்டம் வந்தது. எட்டுப் பேர், ஒரு தட்டி, ஒரு தலைவர். படம் ஆன்மிகத்தைக் கேவலப்படுத்துகிறதாம், உடனே நிறுத்த வேண்டுமாம். படம் பார்த்தீர்களா என்றேன். பார்க்காமலே புண்பட்டிருந்தார்கள். பார்த்துவிட்டு நிதானமாகப் புண்படுங்கள் என்று உள்ளே அனுப்பிவைத்தேன். இடைவேளையில் எட்டுப் பேர் கையிலும் பெரிய பாப்கார்ன். தட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வரிசையாகக் கூப்பன் எழுதுகிறார்கள். தலைவர் ஃப்ரிட்ஜ் எத்தனை லிட்டர் என்று விசாரித்தார். அப்போ கண்டனம் என்ன ஆச்சு அண்ணாச்சி என்று கேட்டேன். "கண்டனம் எங்கயும் போவாது. பாதிப் படத்துக்கு எப்படிக் கண்டிக்க? முழுசாப் பாத்துட்டு வாரோம், ஏசியக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க."

அமைதி, தள்ளுபடி விலையில்

கூட்டம் கூடுகிறது என்று தெரிந்தால் ஈ வருமே, அப்படி ஒரு மன அமைதி வகுப்புக்காரர் வந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் இரண்டு போன். லாபியில் ஒரு மேசை போட இடம் வேண்டும், படம் பார்த்து மனசு இளகி வருகிறவர்களை அங்கேயே பிடித்துவிடலாம் என்றார். இந்தப் படமே உங்களை மாதிரி ஆட்களைத்தானே கிண்டல் செய்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவருக்கு உறைக்கவே இல்லை. நோட்டீஸை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "மூணு நாள் வகுப்புக்கு ரெண்டு நாள் ஃபீஸ்தான் சார். ஆசையை விடுறதுக்கு இதைவிட நல்ல ஆஃபர் உங்களுக்குக் கிடைக்காது."

முதலாளிக்குக் கிடைத்த ஞானம்

படத்தில் ஒரே ஒரு இடம் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். மாலின் நடுவில் சாமியார் கண்ணை மூடி உட்கார, ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. எங்கள் முதலாளி அந்த இடத்தில் எழுந்து நின்று ஹாலைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, இரண்டாவதாக ஒரு இடைவேளையை அங்கே விடச் சொன்னார். படம் கெட்டுப்போகும் என்று கெஞ்சினேன். "ஏலே, அவன் சும்மாத்தான உக்காந்திருக்கான். அந்த நேரத்துல நம்ம சனம் எந்திரிச்சுப் போயி ஒரு பஃப்ஸ் திங்கட்டுமே."

குலுக்கல்

ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் குலுக்கல். சென்னையிலிருந்து விளம்பரக்காரர் ஒருவர் வந்திருந்தார். 'ஆசையை விடு' என்று அச்சடித்த டி-ஷர்ட். அதையும் லாபியில் விற்றுக்கொண்டிருந்தார்கள். திரைக்கு முன்னால் ஃப்ரிட்ஜை நிறுத்தி, மைக்கைப் பிடித்து, முதல் கூப்பனை எடுத்து வாசித்தார். 'என் புருஷன் சூசை ஊர் வந்து சேரணும்.' ஏதோ தமாஷ் என்று நினைத்துவிட்டார். சூசை அண்ணன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்று அறிவித்தார். ஜனம் சிரித்தது. கதவோரம் விளக்குமாற்றோடு நின்ற ஸ்டெல்லாவை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது கூப்பனிலும் சூசை. மூன்றாவதிலும் சூசை. முன் வரிசையில் யாரோ விஷயத்தைச் சொல்ல, சிரிப்பு அடங்கிவிட்டது. விளம்பரக்காரர் என் காதில் வந்து, ஆசை என்றால் கடையில் கிடைக்கிற பொருளாக இருக்க வேண்டும், இது செல்லாது என்றார். அப்புறம் சென்னைக்குப் போன் போட்டார். திரும்பி வரும்போது முகம் பிரகாசமாகிவிட்டது. ஃப்ரிட்ஜை ஸ்டெல்லாவுக்கே கொடுத்துவிடலாமாம். அவள் கதவைத் திறந்து காட்டி, 'சாமியார் என் ஆசையை நிறைவேத்திட்டார்' என்று கேமராவைப் பார்த்து ஒரு வரி சொன்னால் போதுமாம். அவள் புருஷன்தான் இன்னும் வரவில்லையே என்றேன். அதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த டி-ஷர்ட்டைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை, நானும் மாசச் சம்பளக்காரன்.

ஸ்டெல்லாவைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, கோபமே இல்லாமல், கடையில் சாமானைத் திருப்பிக் கொடுக்கிற குரலில் சொன்னாள்: "இதுக்குள்ள வைக்க மீனு கொண்டுவார ஆளத்தான் நான் கேட்டு எழுதினேன். மொதல்ல அந்த மனுசன அனுப்புங்க, பெறவு பெட்டிய வாங்கிக்கிடுதேன்."

சூசை இன்னும் ஊர் வந்து சேரவில்லை, ஃப்ரிட்ஜை முதலாளி கேன்டீனுக்கு எடுத்துக்கொண்டார், ஆகவே இனிமேல் எந்தச் சாமியார் வந்து எதைத் துறக்கச் சொன்னாலும் எங்கள் தியேட்டரில் இடைவேளைக்குக் கலர் சோடா ஜில்லென்று கிடைக்கும்.