விசில் அடிக்காத கதவு

1. மழை வெளியிலா, உள்ளேயா?

சுங்கை வே தொழிற்சாலையில் ஆள்குறைப்பு செய்தபோது என் வேலையும் போனது. பிறகு ஒரு கூஷன் கடையில் சேர்ந்தேன். கார் சீட் தைப்பது, கண்ணாடி ரப்பர் மாற்றுவது எல்லாம் அங்கே படித்ததுதான். நீண்ட காலம் அங்கே உழைத்துவிட்டு, கிள்ளானில் சொந்தமாக ஒரு கடை போட்டேன். முதல் வாரம் ஒரு ஈ, காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை. எதிரே இருந்த காப்பிக்கடையில், “பொம்பளை என்ன காடி செய்யப்போகுது?” என்று பேசிக்கொண்டார்கள். மெதுவாகப் பேசுவதாக அவர்களுக்கு நினைப்பு.

முதலில் வந்த காடி ஒரு குட்டிக் கார். அறுபதுகளில் செய்தது. அதன் ஜன்னலுக்கு ஏற்றி இறக்கும் கைப்பிடி கிடையாது. ஒவ்வொரு கதவிலும் இரண்டு கண்ணாடிகள், அலமாரிக் கண்ணாடி போலப் பக்கவாட்டில் தள்ளித் திறக்க வேண்டும். ஓட்டி வந்த பெண் இறங்கியதும் முதல் வேலையாகக் கால்சட்டையின் ஓரத்தைப் பிழிந்தார்.

“அக்கா, மழை வெளியில பெய்யுதா, உள்ளுக்குப் பெய்யுதான்னு எனக்கே சந்தேகமா இருக்கு லா. பங்சார்ல ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன். இந்தத் தடவையும் ஒழுகுச்சுன்னா வித்துருவேன். காஜாங்ல ஒருத்தரு வாங்கக் காத்துக்கிட்டு நிக்கிறாரு.”

“விக்கிற பேச்செல்லாம் பேசாத, புஷ்பா. இது என் காடி” என்றபடி இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கதவைத் தடவியபடி இறங்கினார். அவர்தான் செல்வம் அண்ணன், புஷ்பாவின் கணவர். பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் சென்டர் வைத்திருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கார் அது. ஓட்டுவது மட்டும் புஷ்பா.

நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். “எல்லாரும் பாக்குறதுக்குக் கிளாசிக் காடி வாங்குறாங்க. நான் உக்காந்து போறதுக்கு வாங்குனேன்.”

2. சேனல் வேலை

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். தள்ளு கண்ணாடி மேலும் கீழும் ஒரு பள்ளத்தில் ஓடும். அந்தப் பள்ளத்துக்குள் வெல்வெட் மாதிரி துணி ஒட்டிய பட்டை இருக்கும். அதைத்தான் சேனல் என்கிறோம். கீழ்ச் சேனலில் மழைத் தண்ணீர் எப்படியும் இறங்கும், அதை யாராலும் தடுக்க முடியாது. இறங்கிய தண்ணீர் வெளியே போக அடியில் சிறு ஓட்டைகள் உண்டு. இந்தக் காரில் யாரோ ஒரு புண்ணியவான் ஒழுகலை நிறுத்துவதாக நினைத்து, அந்த ஓட்டைகளையே சிலிக்கோன் வைத்து அடைத்திருந்தார். போக வழியில்லாத தண்ணீர் புஷ்பாவின் காலில்தானே விழும்?

கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய துண்டில் படுக்க வைத்தேன். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்தேன். புதுச் சேனலை அளந்து வெட்டி உட்கார வைத்து, கண்ணாடி லேசாக ஓடுவதற்கு முகப்பவுடர் தூவினேன். இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு ரப்பர் நிற்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் நடு ரப்பர். அது காய்ந்து சுருங்கிக் கிடந்ததால் அதையும் மாற்றினேன். கடைசியில் காரின் தரையில் செய்தித்தாளை விரித்து நான் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். புஷ்பா வெளியிலிருந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். தாளில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. காப்பிக்கடைக்காரர்களும் பார்க்கட்டும் என்று கதவை நாலு தடவை திறந்து மூடினேன்.

3. அவர் வாயாலேயே

இரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். புஷ்பாவின் முகம் வாடியிருந்தது.

“லெச்சுமி, உன் வேலையில ஒரு குறையும் இல்ல” என்றார் செல்வம் அண்ணன். “நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். காடிய காஜாங் ஆளுக்கே குடுத்துறச் சொல்லிட்டேன்.”

“ஏண்ணே, தண்ணி வந்துச்சா?”

“தண்ணியும் வரல, காத்தும் வரல. முன்னெல்லாம் என் பக்கத்துக் கண்ணாடி நடுவுல ஒரு விசில் வரும். வேகம் ஏற ஏற அதுவும் மேல ஏறும். அத வச்சுத்தான் எவ்வளவு வேகத்துல போறோம்னு எனக்குத் தெரியும்.”

“எஞ்சின் சத்தம் கேக்குமேண்ணே?”

“கியர் மாத்துனா எஞ்சின் சத்தம் மாறிடும். காத்து அப்படி இல்ல. இப்ப என்னைப் பெட்டியில அடைச்சுக் கொண்டுபோற மாதிரி இருக்கு. அவ பிரேக்க மிதிச்சா எனக்கு உசிரு போய் உசிரு வருது.”

புஷ்பா இடையில் புகுந்தார். “வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இவரு டேஷ்போர்டப் பிடிச்ச கைய எடுக்கல அக்கா. வேர்த்து ஊத்துது. வித்துருவேன்னு கத்துனவ நான்தான். ஆனா அதையே அவரு சொல்லிக் கேக்க என்னால முடியல.”

என்ன கெட்டிருக்கிறது என்று புஷ்பாவிடம் விவரமாகக் கேட்டிருந்தேன். அந்த இடப்பக்க சீட்டில் உட்காருகிறவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் வந்தது கீழ்ச் சேனல் வழியாக. விசில் வந்தது நடு ரப்பர் சுருங்கிய இடுக்கில். அந்த இடுக்கு வண்டியின் பின்பக்கம் பார்த்தது, மழை அதில் நேராக அடிக்காது. ஆக, அவர் பக்கத்து நடு ரப்பரை மட்டும் நறுக்கினால் போதும். ஆனால் என் கையால் போட்ட புத்தம்புது ரப்பரில் கத்தி வைக்க மனசு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேல்முனையில் ஒரு தீக்குச்சி மருந்தளவு நறுக்கினேன். பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். புஷ்பா ஹைவேக்கு விட்டார்.

சத்தமே இல்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி, இன்னும் கொஞ்சம் நறுக்கினேன். மறுபடி கிளம்பினோம். முதலில் கொசு ரீங்காரம் போல ஏதோ கேட்டது. வேகம் ஏறியதும் அது மெல்லிய விசிலாக எழுந்தது. செல்வம் அண்ணனின் கை டேஷ்போர்டிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது.

“புஷ்பா, அறுபதத் தாண்டிட்ட. மெதுவா போ.”

எட்டி மீட்டரைப் பார்த்தேன். முள் அறுபதைக் கொஞ்சம் தாண்டித்தான் நின்றது.

“வந்துட்டாங்க பாருங்க அக்கா, என் மாமியாரு!” என்றார் புஷ்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

அன்று சாயங்காலம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. புஷ்பா போனில் கூப்பிட்டார். “அக்கா, என் காலு காஞ்சிருக்கு. இவரு வாய்தான் ஓயல. காஜாங் ஆளுகிட்ட இல்லேன்னு சொல்லிட்டோம்.”

அதற்குப் பிறகு என் கடைக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. செல்வம் அண்ணனிடம் முதுகைக் கொடுத்துக் குப்புறப் படுத்தவர் நடுவில் எழுந்து ஓட முடியுமா? முழு நேரமும் லெச்சுமி கடைப் புராணம்தான். அப்படி வந்த பழைய கார்கள்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அந்த இருவருக்கும் நான் பட்டிருக்கும் கடன் இந்த ஜென்மத்தில் தீராது. நேரே பார்த்தும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

பிள்ளைகளே, வண்டியில் என்ன கெட்டிருக்கிறது என்று எல்லாரும் கேட்பார்கள். நான் இன்னொன்றும் கேட்கிறேன்: “உங்க காடியில நான் எதத் தொடக் கூடாது?” பலர் சிரிக்கிறார்கள். சிலர் மட்டும் தாங்கள் வழக்கமாக உட்காரும் சீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை நான் கத்தியைக் கையில் எடுப்பதில்லை.