உயிரோடிருந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி

என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கென்று தனியாக போன் கிடையாது. வீட்டுப்பாடம், சுற்றறிக்கை எல்லாம் என் போனுக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அதை அவளிடம் கொடுத்துவிடுவது எங்கள் வீட்டு ஏற்பாடு. அந்த ஞாயிறும் கொடுத்தேன். பத்து மணிக்குத் திரும்ப வாங்கிக்கொண்டு, வத்தலக்குண்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் பஸ் ஏறினேன்.

உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் திறந்தேன். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். திரையில் ஒரு படம் இருந்தது. ஓரமெல்லாம் பூ, கீழே குத்துவிளக்கு, நடுவில் என் மகளுடைய கணக்கு சாரின் புகைப்படம், மேலே பெரிய சிவப்பு எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்துகள் எனக்கு எறும்பு வரிசையாகத் தெரிந்தன. பெற்றோர் கூட்டங்களில் நான் பலமுறை பார்த்துப் பேசிய மனிதர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பள்ளியிலிருந்துதான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் கேதச் செய்தி ஒன்று கைக்கு வந்தால் அதை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ‘எனக்குச் சொல்லவே இல்லையே’ என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால், அந்தக் குறை பத்து வருடத்துக்குத் தீராது. அதனால் சேவுகம்பட்டி தாண்டுவதற்குள் அந்தப் படத்தை எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதி, கும்பிடும் கைகள் இரண்டும் சேர்த்தேன். கடமை முடிந்த திருப்தியில் போனைப் பையில் வைத்துவிட்டேன்.

குழுவில் எண்பது பேருக்கு மேல். அதில் பாதிப்பேர் ஏதாவதொரு விதத்தில் திண்டுக்கல்லில் ஆசிரியர்கள், இல்லையென்றால் ஆசிரியர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை ரசம் வாங்கும்போது என் மைத்துனன் அழைத்தான். தாடிக்கொம்பில் இருக்கிறான், பூ வியாபாரம். பள்ளிக்கூட நாளில் அதே சாரிடம் டியூஷன் படித்தவன்.

“மச்சான், நீங்க எனக்கு நல்லது செய்யுறீங்களா, கெட்டது செய்யுறீங்களா?”

“என்னப்பா ஆச்சு?”

“மெசேஜைப் பாத்ததும் ஆளுசர ரோசாப்பூ மாலையக் கட்டிக்கிட்டு, ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு சார் வீட்டுக்குப் போனேன். வாசல்ல ஒரு சேரும் இல்ல, பந்தலும் இல்ல. சார் பனியனோட செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காரு. ‘யாருக்குப்பா மாலை?’ன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்ல?”

“என்ன சொன்ன?”

“வாய் தவறி ‘உங்களுக்குத்தான் சார்’னுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. பிறகு அவன் குரல் மாறியது. சாரின் மனைவி சத்தம் கேட்டு வெளியே வந்திருக்கிறார். மாலையைப் பார்த்தார், மெசேஜைக் கேட்டார், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் சாருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களாம். அது எங்கள் யாருக்கும் தெரியாது. “அந்தக்கா அழுததப் பாத்து நானும் அழுதுட்டேன் மச்சான்” என்றான். 

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கண்ணாடியை இரவல் வாங்கி, பொடி எழுத்துகளைப் படித்தேன். ‘எங்கள் பி.டி. பீரியடுகளை ஒன்று விடாமல் விழுங்கி, செரிக்காமல் இயற்கை எய்தினார். துயரத்தில் வாடுவோர்: ஸ்கிப்பிங் கயிறு, த்ரோபால், கேரம் போர்டு.’ எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. என் மகள்தான். அவளுடைய நான்கு தோழிகளுக்கு, அதாவது அவர்களுடைய அம்மாக்களின் போன்களுக்கு, அனுப்பியிருந்தாள். எண்பது பேருக்கு அனுப்பியது நான். குழுவில் படத்தை அழித்துவிட்டு, தவறான செய்தி என்று போட்டேன்; அதற்குள் அது வேறு பல குழுக்களுக்குப் போயிருந்தது.

மறுநாள் காலையில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மகளை வகுப்புக்குள் விடவில்லை, பெற்றோர் உடனே வர வேண்டும், டி.சி. கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். பதினோராம் வகுப்பின் நடுவில் டி.சி. வாங்கிக்கொண்டு எந்தப் பள்ளிக்குப் போவது? என் மனைவி சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். பயம் வந்தால் எனக்கு மனு எழுதத்தான் தெரியும். அஞ்சல் வழியில் சட்டம் படித்த என் சக ஊழியருக்கு போன் போட்டேன்.

“அண்ணே, லீவு நாளு. வீட்டுல வச்சு. உங்க போன்ல. யூனிபார்ம்கூடப் போடல. பள்ளிக்கூடம் எப்படித் தண்டிக்கும்? கேட்டுக்கு வெளிய அவங்களுக்கு என்ன வேலை? இதை அப்படியே எழுதுங்க.”

அப்படியே எழுதினேன். ‘பள்ளி எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்ற வரிக்கு அடிக்கோடும் போட்டேன்.

தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரி. மனுவை முழுதாகப் படித்தார். கணக்கு சார் ஜன்னலோரம் நின்றிருந்தார். என் மகள் சுவரோரம்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார்” என்றார் சிஸ்டர். “வீட்டுல பேசுனது வீட்டோட இருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்? இன்னைக்கு ப்ரேயர்ல இவரு மேடை ஏறுனாரு. அம்புட்டுப் பிள்ளைங்களும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அந்த மேடை யார் எல்லை, சொல்லுங்க.”

மனுவில் அதற்கு வரி எழுதவில்லை.

“செஞ்சதைக்கூட மன்னிச்சிருவேன். பொய் சொல்றதைத்தான் ஏத்துக்க முடியல. எத்தனை பேருக்கு அனுப்புனேன்னு கேட்டா நாலு பேருக்குங்குறா. எனக்கு நத்தத்துல இருந்து ஒருத்தர் இரங்கல் சொல்லி போன் பண்றாரு. நாலு பேருக்கு அனுப்புனது நத்தம் வரைக்கும் எப்படிப் போகும்?”

என் மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். முந்தின நாள் சாயங்காலமே நான் அவளிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் பாதிச் சுமை இறங்கியிருக்கும். அவள் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கையிலிருந்த மனுவின் நகலை மடித்தேன்.

“சிஸ்டர், அவ நாலு பேருக்குத்தான் அனுப்புனா. மிச்சம் எல்லாருக்கும் அனுப்புனது நான்.”

பஸ்ஸில் நின்றது, கண்ணாடி இல்லாதது, கும்பிடும் கைகள் எல்லாம் சொன்னேன். சிஸ்டர் மனுவை என் பக்கம் தள்ளினார்.

“உங்களுக்கு டி.சி. குடுக்கவும் வழியில்லையே.”

ஜன்னலோரத்திலிருந்து முதல் சிரிப்பு வந்தது. கணக்கு சார்தான். “பீரியடை எடுத்தது நிசம்தான் சிஸ்டர். ஆனா இவ்வளவு சாப்பிட்டிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது” என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“பள்ளிக்கூடத்துக்கு அதிகாரம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது சார். எம் பொண்டாட்டிக்கு இருக்கு. நேத்துலருந்து அவ சரியாச் சாப்பிடல.”

சிஸ்டர் அதையே தீர்ப்பாக்கினார். அந்த அம்மா போனில் சரி என்று சொன்னால் வகுப்பு, இல்லாவிட்டால் டி.சி.

அன்று சாயங்காலம் நானும் மகளும் போனோம். அந்த அம்மா எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மகள் மன்னிப்புக் கேட்டு அழுதாள். அவர் அதைத் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை.

“எங்கிட்ட அழுது என்ன பாப்பா பிரயோசனம்? இந்தத் தெருவுல ஒவ்வொரு வீட்டுலருந்தும் வந்து கேட்டுட்டுப் போறாங்க. காலையில பால்காரர்கூட, ‘ஒரு பாக்கெட் போதுமாக்கா’ங்குறாரு. ஒவ்வொரு தடவையும் நான் உள்ள போயி இவரைப் பாத்துட்டு வர்றேன். நீயும் உங்கப்பாவும் வீடு வீடாப் போயி, இவரு நல்லா இருக்காருன்னு சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசுறேன்.”

அந்தத் தெருவில் பதினாறு வீடுகள். முதல் வீட்டு மணியை என் மகளே அடித்தாள். “கணக்கு சார் நல்லா இருக்காங்க. நான்தான் விளையாட்டுக்குச் செஞ்சேன், தப்பு” என்றாள். “நான்தான் படிக்காம எல்லாருக்கும் அனுப்பிட்டேன்” என்று நான் சேர்த்துக்கொண்டேன். நான்காவது வீட்டில் முறுக்கு கொடுத்தார்கள். ஏழாவது வீட்டில் ஒருவர் பத்து நிமிடம் திட்டினார், நின்று கேட்டோம். எட்டாவது வீட்டுக்காரர் அந்தப் படத்தைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். “மாட்டேன் அங்கிள்” என்றாள் என் மகள், என்னைவிட வேகமாக. கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

“இருக்காருன்னு தெரியும்டியம்மா. இப்பத்தான் குழாயடியில வந்து, எங்க மோட்டார் தண்ணியப் பூராம் இழுக்குதுன்னு சண்டை போட்டுட்டுப் போனாரு.”

திரும்பி வந்து ஒவ்வொரு வீட்டிலும் சொன்னதை மகள் ஒப்பித்தாள். மோட்டார் சண்டைக்கு வந்ததும் அந்த அம்மா கணவரைப் பார்த்தார். “பெரியவங்களோட எதுக்கு வம்பு?” என்று அவரை அதட்டிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“சிஸ்டர், நாந்தேன். பிள்ளை போயிட்டு வந்துருச்சு. ஆமா, எல்லா வீட்டுக்கும். நாளைக்கு வகுப்புல உக்காரட்டும்.”

தண்ணீர் குடித்த டம்ளர்களை மகள் எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தாள்.

பள்ளிக்கூடம் செய்யலாமா கூடாதா என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கேட்டைத் தாண்டி ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று மட்டும் பதினாறு வீடு நடந்து தெரிந்துகொண்டேன். வாசலில் நாங்கள் செருப்பு மாட்டும்போது சார் எட்டிப் பார்த்தார்.

“நாளைக்கு ரெண்டாவது பீரியட் முக்கோணவியல் டெஸ்ட். படிச்சிட்டியா?”

“இல்ல சார்.”

“இன்னும் ஏன் நிக்கிறே?”

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்தோம்.