தண்டவாளத்தின் அடியில் ஒரு துளி பச்சை

செங்கம் ரோட்டில் எங்கள் மாடி அறைக்கு அந்த வேலூர்க்காரர் வாடகைக்கு வந்தது தியானம் பழகத்தான். மெலிந்த உடம்பு, தொளதொள ஜிப்பா. எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் ஆடும். ஆசிரமத்துக்குப் போவார், போன சூட்டில் திரும்பிவிடுவார். கையில் எப்போதும் பழைய பொம்மை ரயிலின் தண்டவாளத் துண்டு ஒன்று. அதைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்ப்பார்.

"அடியில என்னாங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"எந்தக் கம்பெனி செஞ்சதுனு தேடுறேங்க. பேரு போடல. குறுக்குக் கட்டையில பூசின கலரு, தகரத்த மடிச்ச விதம், இத வச்சுதான் கண்டுபிடிக்கணும். தெரிஞ்சாதான் இதோட சேர்ற மத்த துண்டுங்கள வாங்கலாம்."

கார்த்திகை தீபத்துக்காக என் மனைவி பித்தளைச் சாமான்களைப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தாள். அவர் அறையைக் கூட்டப் போனவள் அந்தத் துண்டையும் எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். பளபளவென்று மின்னியது. கலர் போய்விட்டது.

"அழுக்குனு நெனச்சுட்டேங்க" என்றாள்.

அவர் துண்டை வாங்கிக்கொண்டார். மாடிப்படியில் உட்கார்ந்தார். இருட்டும்வரை அசையவே இல்லை. காலும் ஆடவில்லை.

விடிந்ததும் கதவைத் தட்டினார். "மடிப்புக்குள்ள புளி போகலங்க! துளி பச்சை இருக்குது, பாருங்க!" நின்றபடியே அந்தக் கால் ஆடிக்கொண்டிருந்தது.

சும்மா உட்காரத்தான் அவர் இந்த ஊருக்கு வந்தார். அப்படி உட்கார்ந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அந்த அமைதி கலைந்துபோனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.