காத்தூன் பீவி சொன்ன கிழங்கு

வாயில் போட்ட உருண்டையைக் காத்தூன் பீவி உடனே மெல்லுவதில்லை. நாக்கின் நடுவில் வைத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி அடுப்போரமாகக் குந்தியிருக்கிறாள். பிறகு பாதி மென்று, விழுங்கி, தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறாள். புதிதாக எதைச் சமைத்தாலும் இதே கதைதான். துறைமுகத்தில் பகல் சங்கு ஊதும்வரை அந்தப் பாத்திரத்தை வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது. ராத்திரி வேலை முடிந்து வந்திருக்கும் கணவர் உசேன், ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர், பசியோடு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

"இன்னாமே, உசுரோட கீறியா? நான் துன்னலாமா?" என்று அவர் உள்ளே குரல் கொடுப்பார்.

அவருக்கு அது வேடிக்கை. அவளுக்கு இல்லை.

தண்டையார்பேட்டையில் ஒரே குழாயை நம்பியிருக்கும் எங்கள் சந்தில் பதினேழு வீடுகள். அதில் காத்தூன் பீவியின் வீடு கடைசி. என்னுடையது அதற்கு முந்தியது. நாற்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். எப்போதும் விரல் நுனியில் வறுத்த தானியத்தின் வாசனை. எதையாவது மோந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். கடையில் வாங்கிய பருப்பை மோப்பாள், மண்ணெண்ணெய்ப் புட்டியை மோப்பாள், மழை வரும் நாளில் காற்றையும் மோப்பாள்.

ரேஷன் காலத்தில் எங்கள் சந்து அவள் தயவில்தான் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டது. கப்பலில் வந்து இறங்கிய மைலோ சோளத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பெண்கள் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை அரிசி கழுவின தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி வறுத்து, உடைத்துப் புட்டு அவிக்கலாம் என்று கண்டுபிடித்தவள் அவள். ரேஷன் அரிசியில் கோணிநாற்றம் அடித்தால், ஒரு துண்டு அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து உலைக்குள் போட வேண்டும். தர்ப்பூசணியின் வெள்ளைச் சதையை வீசாமல், காய்ந்த நெத்திலியோடு குழம்பு வைக்க வேண்டும். இப்படி வாரத்துக்கு ஒன்று. கண்டுபிடித்ததை மறுநாள் விடியற்காலையே குழாயடியில் சொல்லிவிடுவாள். "இத்த கேளு, நேத்து ஒண்ணு பண்ணேன், வூட்டுக்காரரு சட்டிய வயிச்சித் துன்னாரு" என்று ஆரம்பித்தால் குடங்கள் தாமாகவே அவள் பக்கம் நகரும்.

தின்றுவிட்டுக் காத்திருக்கிற அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று என் மனைவி எல்சி ஒருநாள் கேட்டிருக்கிறாள். ராயபுரத்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது, வலையிலிருந்து கரையில் உதறிப்போட்ட மீன்களைத் தங்கச்சி சாபிராவும் அவளும் பொறுக்கி வந்தார்களாம். அதில் ஒன்று பேத்தை, விஷமுள்ள மீன். அம்மாவுக்குத் தெரியவில்லை. பசி பொறுக்காத சாபிரா முதல் துண்டைத் தின்றாள். உதடு மரத்துப்போகிறது என்றாள். அதற்கு மேல் பேச்சுமில்லை, மூச்சுமில்லை. "எனுக்கு எடுத்த துண்டு என் தட்டுலயே கெடந்துச்சி எல்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்தூன் பீவி எழுந்து போய்விட்டாள்.

நான் சொல்ல வந்த விஷயம் ஐம்பத்தொன்றாம் வருஷத்துக் கோடையில் நடந்தது.

ஆறுமுகநயினார் என்று ஒரு மளிகைக் கடைக்காரர் எங்கள் தெருமுனையில் இருந்தார். தெற்கத்திக்காரர். அரிசி கிடைக்காத அந்த நாளில் எங்கிருந்தோ லாரியில் மரவள்ளிக்கிழங்கு தருவித்து, மூட்டை மூட்டையாக அவிழ்த்துப் போட்டார். விலை மலிவு. காத்தூன் பீவி முதல் நாளே ஒன்று வாங்கிப் பச்சையாக நுனியைக் கடித்துப் பார்த்தாள். கசந்தது. கசப்பு என்றால் அவளுக்கு நடுக்கம். ஆனாலும் விடவில்லை. மேல்தோல், உள்தோல் இரண்டையும் சீவி, மெல்லிசாக நறுக்கி, நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் வேகவைத்தாள். தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி தண்ணீர் விட்டு வேகவைத்து, அதையும் கொட்டினாள். கசப்பு போயிருந்தது. பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய் சேர்த்து மசித்துத் தாளித்தாள். தின்றுவிட்டு ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் குழாயடியில் சொன்னாள். பதினோரு வீடுகளில் கிழங்கு வாங்கினார்கள்.

அது சனிக்கிழமை. எனக்குத் துறைமுக ஆபீசில் அரைநாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, தட்டின் முன் உட்கார்ந்தேன். எல்சி மசியலை வைத்தாள். முதல் கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். கதவு சுவரில் மோதுகிற சத்தம். காத்தூன் பீவி உள்ளே நின்றாள். முக்காடு தோளில் கிடந்தது. மூன்று வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்தும் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசினதில்லை. நான் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கிப் போகிறவள்.

"துன்னாதீங்க!" என்றாள். குனிந்து என் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு எல்சியின் பக்கம் திரும்பி, "தண்ணிய கொட்டனியா? சொல்லு எல்சி, மொதத் தண்ணிய கொட்டனியா?"

"ரெண்டு தபாவும் கொட்டினேன். நீங்கதானேக்கா சொன்னீங்க."

"நான் சொன்னனா?" அவளுடைய உதடுகள் வெளுத்திருந்தன. "ஒனுக்கு நெனப்பு கீதா? என் வாயால சொன்னனா?"

எல்சி தலையாட்டினாள். காத்தூன் பீவி தட்டைக் கீழே வைக்கவில்லை. அதோடே அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

நடந்தது இதுதான். நான்கு வீடு தள்ளியிருக்கும் பூமாரியின் ஆறு வயது மகள் செல்லக்கிளி, காலையில் வெறும் வயிற்றில் கிழங்கைத் தின்றுவிட்டு வாசலில் ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்தாள். வாந்தி எடுத்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள், பக்கத்தில் நின்ற அம்மா அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் தின்றிருந்த பூமாரிக்கும் தலை கிறுகிறுத்தது. உசேன்தான் தூக்கம் கலைந்து ஓடிவந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு ரிக்ஷாவை நிறுத்தி, தாயையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அந்த மத்தியானத்தை நான் மறக்கவில்லை. சந்தில் ஒரு அடுப்பும் புகையவில்லை. காத்தூன் பீவி வீடு வீடாகப் போய்ச் சட்டிகளைத் திறந்து மோந்தாள், நக்கிப் பார்த்தாள். கசந்ததோ கசக்கவில்லையோ, அவள் நாக்கை அவளே நம்பவில்லை. எல்லாவற்றையும் சாக்கடையில் கவிழ்த்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி. "தண்ணிய கொட்டச் சொன்னனா?" சொன்னாய் என்றார்கள் சிலர். ஞாபகமில்லை என்றார்கள் சிலர். அன்று காலையில் குழாய் சீக்கிரமே நின்றுவிட்டதால் பேச்சு பாதியில் அறுந்தது என்றாள் ஒருத்தி. அதைக் கேட்டதும் காத்தூன் பீவி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பூமாரி அப்பத்தான் கொடத்த தூக்கிகினு போனா. அவ கேக்கல. நான் அவளுக்குச் சொல்லல. எல்சி, புள்ள போயிடுமா?"

எல்சி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்கும் தெரியாது. என் கைவிரல்களில் மசியலின் பிசுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. நான் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

மூன்று மணிவாக்கில் பூமாரியின் புருஷன் தவசிமுத்து வந்தான். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். சேதி கேட்டு, மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியைக் கையிலிருந்து விடாமலே வந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனானாம்; உள்ளே விடவில்லை. குழந்தைக்கு வயிற்றைக் கழுவுகிறார்கள், ராத்திரி தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார்களாம். நேரே ஆறுமுகநயினாரின் கடைக்குப் போனான். அவன் பின்னால் இருபது பேர்.

"கலீஜு மாலக் கொண்டாந்து எம் பொண்ணுக்கு வெசம் வெச்சிட்டியே!" என்று கொக்கியை மூட்டையில் மாட்டி இழுத்தான். கோணி கிழிந்து கிழங்குகள் தெருவில் உருண்டன. ஆறுமுகநயினார் தராசுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "ஐயா, எங்க ஊர்ல காலங்காலமாத் திங்கதுய்யா! நானும்தான்யா காலைல தின்னேன்!" என்று அவர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கொக்கி இப்போது அவர் பக்கம் திரும்பியிருந்தது.

கூட்டத்தின் காலிடுக்கில் புகுந்துதான் காத்தூன் பீவி முன்னால் வந்திருக்க வேண்டும். கடைக்கும் தவசிமுத்துவுக்கும் நடுவில் நின்றாள். நான் பின்வரிசையில் நின்றிருந்தேன்.

"அவர வுடு. கெயங்கு மேல தப்பு இல்ல. மொதத் தண்ணிய கொட்டணும். ஆக்கற வெதத்தச் சொன்னது நானு. அந்த ஒண்ண மட்டும் ஒம் பொஞ்சாதிக்குச் சொல்லாம வுட்டுட்டேன்."

தவசிமுத்து அவளை வெறித்துப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் என்று எதிர்பார்த்து, கைகளைக்கூட உயர்த்தாமல் நின்றாள். கடைசியில் அவன் கொக்கியைத் தரையில் எறிந்துவிட்டு, அங்கேயே குந்தி, தலையில் கைவைத்து அழுதான்.

"எம் பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா ஒன்ன சும்மா வுடமாட்டேன்" என்று அழுகைக்கு நடுவே சொன்னான்.

"வுடாத" என்றாள் காத்தூன் பீவி.

செல்லக்கிளி பிழைத்தாள். மூன்றாம் நாள் ரிக்ஷாவில் அம்மாவின் மடியில் படுத்தபடி வந்து இறங்கினாள். காத்தூன் பீவி தன் வீட்டுக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள், வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு குழாயடியில் அவள் வாய் திறக்கவில்லை. பெண்கள் ஏதாவது கேட்டால், "எனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டில் வெறும் கஞ்சிதான் காய்ச்சினாள். அதையும் தான் குடித்துக் காத்திருந்துதான் உசேனுக்கு ஊற்றினாள். வருஷக்கணக்காகக் குடித்துப் பழகிய கஞ்சி! உசேன் அந்த நாட்களில் வேடிக்கை பேசுவதை விட்டுவிட்டார். தவசிமுத்து அவள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் தெருவில் துப்பினான்.

மூன்று வாரம் கழித்து நடந்ததை எல்சிதான் கண்ணால் பார்த்தாள். இதை எழுதலாமா என்று எனக்கு வெகுநாள் தயக்கம். போன மாதம் பூமாரியையே கேட்டேன். "எய்துண்ணா. இப்ப அவருக்கே தெரியும். நானே சொல்லிட்டேன்" என்றாள்.

விடியாத நேரம். குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. காத்தூன் பீவியின் முறை. பின்னால் எல்சி, அவளுக்கும் பின்னால் இன்னும் சிலர். பூமாரி வரிசையை விட்டு முன்னால் வந்து காத்தூன் பீவியின் பக்கத்தில் நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, அன்னிக்கு நீ சொன்னது என் காதுல வியுந்துச்சி."

காத்தூன் பீவி திரும்பவில்லை.

"மொதத் தண்ணிய கொட்டுன்னு சொன்ன. கேட்டுகினுதான் போனேன். அரக் கொடந்தான்க்கா எனுக்குக் கெடச்சிச்சி. குடிக்க வாணாவா? அத்தக் கொண்டி கெயங்குல ஊத்திட்டு எப்டிக் கொட்டறது? கொஞ்சூண்டு தண்ணி வெச்சி மூடி வேக வெச்சிட்டேன். அவரு கொக்கிய எடுத்துகினு கடைக்குப் போனத கேட்டப்பறம் சொல்ல பயமா இருந்துச்சி. சொல்லியிருந்தா என்னிய..."

காத்தூன் பீவி இப்போது திரும்பினாள். இத்தனை நாள் அவள் சுமந்தது இறங்கிவிட்டது, கத்தப்போகிறாள், இல்லை அறையப்போகிறாள் என்று எல்சி நினைத்தாள். பூமாரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

காத்தூன் பீவி வரிசையில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். தவசிமுத்துவின் வீட்டு வாசலைப் பார்த்தாள். அங்கே அவன் பல் துலக்க எழுந்து வந்துகொண்டிருந்தான். சட்டென்று கையை நீட்டிப் பூமாரியின் வாயை இறுகப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலே, குழாயடியில் பாதி நிரம்பியிருந்த தன் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டு, பூமாரியின் காலிக் குடத்தை அந்த இடத்துக்குத் தள்ளினாள்.